அக்கரை முருங்கைக்காய்

"முருங்கைக்காய்னு அந்தப் புத்தகத்துல எழுதியிருக்கா, சயா?"

பாக்கியம் அக்கா இப்படிக் கேட்டபோது கூடத்தில் பதினொரு பேர் இருந்தோம். கரண்ட் போயிருந்த நேரம். எல்லார் கையிலும் விசிறி. தெருக்கோடியில் யார் வீட்டு ஜெனரேட்டரோ இருமிக்கொண்டிருந்தது. நான் கதையை நிறுத்திவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். கதை நடுவில் யாராவது கேள்வி கேட்டால் அப்படித்தான் துடைப்பேன். எனக்குப் பிடிக்கவில்லை என்று அதற்கு அர்த்தம்.

"இல்ல. புத்தகத்துல மரவள்ளிக்கிழங்கு மாவு."

"அப்ப முருங்கைக்காய் எங்கேருந்து வந்துச்சு?"

"நான் போட்டேன்."

"ஊர் தன்லியின்னு சொன்னது?"

"அதுவும் நான் போட்டதுதான்."

"ஏன் போட்டீங்க?"

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கவேலுவின் விசிறி நின்றுவிட்டது. அவர் பாக்கியம் அக்காவின் கொழுந்தன். எழுபது வயதில் விசிறியைக் காரணமில்லாமல் நிறுத்துகிற ஆள் இல்லை. பாக்கியம் அக்கா எழுந்தார். யாரையும் பார்க்காமல் வாசலுக்குப் போய், காலில் அகப்பட்ட செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். அது என் செருப்பு.

அன்றைக்கு மீதிக் கதையைச் சொல்லவில்லை. அவர் விட்டுப்போன, என் காலுக்கு இரண்டு அளவு சின்னதான வெல்வெட் செருப்பில், குதிகால் தரையில் உரச, எங்கள் பசுந்தாங் பேட்டையின் குண்டும் குழியுமான நடைபாதையில் வீட்டுக்கு வந்தேன். என்ன தவறு செய்தேன் என்று வழியெல்லாம் யோசித்தேன். ஒன்றும் செய்யவில்லை என்றுதான் தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

கப்பலில் வந்த புத்தகம்

இந்தப் பத்திரிகைத் தொடரில் நான் வழி தவறிப் போகிறேன் என்று ஒரு வாசகர் குறைப்பட்டிருக்கிறார். வழி எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

என் தங்கை மகன் சரக்குக் கப்பலில் எஞ்சினியர். ஊருக்கு வரும்போது எனக்கு என்ன வேண்டும் என்று கேட்பான். தடியான புத்தகம் ஏதாவது என்பேன். இந்த முறை பிரேசிலில் ஒரு துறைமுகத்தில் வாங்கியதாகச் சொல்லி ஒரு நாவலைக் கொடுத்தான். அண்மையில் அங்கே எழுதப்பட்டது, ஆங்கில மொழிபெயர்ப்பு.

"கடையில இருந்ததுலயே இதான் மாமா தடி" என்றான்.

நானூற்றுப் பதினெட்டுப் பக்கம். எழுதிய அம்மாளின் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. தப்பாக எழுதுவதைவிட விட்டுவிடுவது மேல்.

பிரேசிலின் வடக்கே, ஒரு பெரிய ஆற்றங்கரைத் துறைமுக ஊரில் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் கதை. கதை சொல்கிறவள் பள்ளிக்கூட வாத்தியாரம்மா, ஐம்பது தாண்டியவள். தன் குடும்பம் எங்கிருந்து வந்தது, யார் யாருக்குப் பிறந்தார்கள் என்று துருவிக்கொண்டே போகிறாள். அவளுடைய அப்பா ஆற்றுப் படகோட்டி. வாரத்துக்கொரு முறை அக்கரைக்குப் போய்வருவார். வரும்போது ஒரு பை மரவள்ளி மாவு கொண்டுவருவார். வீட்டில் அதை வறுத்துச் சாப்பிடுவார்கள். அந்த மாவு அக்கரையில் இருந்த இன்னொரு மனைவி இடித்துக் கொடுத்தது என்று அவர் செத்த பிறகுதான் தெரிகிறது. அங்கே ஒரு மகனும் இருக்கிறான்.

படித்து முடித்ததும் இதைக் கூடத்தில் சொல்லியே ஆகவேண்டும் என்று முடிவு செய்தேன்.

கூடம் என்பது எங்கள் அம்மன் கோயிலுக்குப் பின்னால் கல்யாண அண்டாக்கள் அடுக்கி வைத்திருக்கிற இடம். ஞாயிறு பிற்பகலில் அங்கே பாய் விரித்து உட்காருவோம். வருகிற பதினொரு பேரில் தமிழ் வாசிக்கிறவர்கள் நான்கு பேர். ஆங்கிலம் வாசிக்கிறவன் நான் ஒருவன்தான். எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் காதில் விழும், வாயில் வராது. பர்மியத்தில்தான் சிரிப்பார்கள், பர்மியத்தில்தான் சண்டை போடுவார்கள். ஆகவே நான் வாசித்துக்கொண்டு போய்த் தமிழில் சொல்வேன். அதனால்தான் என்னை சயா என்கிறார்கள். பர்மாவில் படித்தவனுக்கெல்லாம் அந்தப் பட்டம் உண்டு. நான் ஒருநாளும் வாத்தியாராக இருந்ததில்லை.

கதை சொல்வதற்கு எனக்கு ஒரு முறை இருக்கிறது. வெளிநாட்டுப் பெயர்களை அப்படியே சொன்னால் மூன்றாவது பெயரிலேயே கூட்டம் தூங்கிவிடும். ஆகவே ஆட்களுக்கு நம் பெயர் வைப்பேன், ஊருக்கு நம் ஊர். படகோட்டியை ராமசாமி ஆக்கினேன். ஆற்றுக்கு அக்கரை என்றால் எங்களுக்குத் தன்லியின். பாலம் வருவதற்கு முன் படகில் போனோம், இப்போது பஸ்ஸில் போகிறோம். மரவள்ளி மாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் அது என்ன, எப்படி வறுப்பது என்று பெண்கள் அரைமணி நேரம் பேசுவார்கள். தன்லியினில் வீட்டுக்கு வீடு முருங்கை மரம். ஆகவே, ஒரு கட்டு முருங்கைக்காய்.

"ராமசாமி ஒவ்வொரு சனிக்கிழமையும் தன்லியின்லேருந்து ஒரு கட்டு முருங்கைக்காயோட வருவார். அது யார் வீட்டு மரத்துக் காய்னு அவர் சம்சாரம் ஒருநாளும் கேட்டதில்ல."

நான் சொன்னது இவ்வளவுதான்.

மூட்டையும் குறியும்

நான் முப்பத்தோரு வருடம் போட்டாதாங் படகுத்துறையில் சரக்கு எண்ணும் குமாஸ்தாவாக இருந்தேன். கப்பலிலிருந்து மூட்டை இறங்கும். கூலி ஒவ்வொருவனும் என்னைத் தாண்டும்போது ஒரு மூங்கில் குச்சியை என் பெட்டியில் போட்டுவிட்டுப் போவான். கடைசியில் குச்சிகளை எண்ண வேண்டும். நான் குச்சியையும் எண்ணுவேன், ஆளையும் எண்ணுவேன். அந்தப் பழக்கம் போகவில்லை. கல்யாணத்தில் இலையை எண்ணுகிறேன், சாவில் மாலையை எண்ணுகிறேன்.

ஒருமுறை அரிசி ஏற்றும்போது, கப்பல் அதிகாரி ஒரு வெள்ளைக்காரர், எண்ணிக்கை சரி, கையெழுத்துப் போடு என்றார். ஒரு மூட்டை குறைகிறது என்றேன். மழை வரப்போகிறது, போடு என்றார். போடவில்லை. மழை வந்தது. எல்லாரும் நனைந்தோம். தார்ப்பாயைத் தூக்கியபோது மூட்டை அடியில் இருந்தது. அவர் எனக்கு ஒரு சிகரெட் கொடுத்தார். நான் புகைப்பதில்லை என்று திருப்பிக் கொடுத்தேன். இன்றைக்கு நினைத்தால் வாங்கியிருக்கலாம்.

இதை ஏன் சொல்கிறேன் என்பது இனி வரும்.

செருப்போடு வந்தார்

இரண்டு நாள் கழித்துப் பாக்கியம் அக்கா என் வீட்டுக்கு வந்தார். நான் இருப்பது நான்காவது மாடி. மூச்சு வாங்க ஏறிவந்து, பிளாஸ்டிக் பையில் சுற்றிய என் செருப்பை வாசலில் வைத்தார். அவர் என்னைவிட இளையவர்தான். தெருவே அக்கா என்பதால் நானும் அக்கா என்கிறேன். தோசைக்கடை வைத்திருக்கிறார். கூட ஒரு மகள். இன்னொரு மகள் மலேசியாவில். புருஷன் சின்னையா போன வருடம் காலமானார். தன்லியின் எண்ணெய் ஆலையில் வேலை பார்த்தவர். பென்ஷன் வாங்கிய பிறகும் பழைய கூட்டாளிகளைப் பார்க்கச் சனிக்கிழமை தோறும் அங்கே போய்வருவார். அந்த ஆலையில் வேலை பார்த்த எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் அப்படித்தான் போய்வந்தார்கள்.

"யாரு சொன்னா உங்களுக்கு?" என்றார். "தங்கவேலுவா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல அக்கா. கதை அது."

"கதைல முருங்கைக்காய் இல்லைன்னு நீங்களே சொன்னீங்களே."

நான் புத்தகத்தை எடுத்துவந்து அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இருபத்தஞ்சு வருசம் ஆக்கிப் போட்டேன் சயா. சாம்பார், பொரியல், புளிக்குழம்பு. பிஞ்சா இருக்கே, எங்கே வாங்குனீங்கன்னு கேட்டா, கூட்டாளி வீட்டு மரம்பார். அவர் போனதுக்கப்புறம் அந்தப் பையன் கடைக்கு வந்தான். நாப்பது வயசுப் பையன். அதே மூக்கு. கையில ஒரு கட்டு முருங்கைக்காய். 'எங்க வீட்டு மரம்'னான். வேற ஒண்ணுமே சொல்லத் தேவையில்ல எனக்கு."

அவன் பெயர் கோ மின். அப்பா கூப்பிட்டது முருகேசன் என்று. தாய் பர்மியப் பெண். அவளும் இறந்துவிட்டாள்.

அவன் சொத்துக் கேட்கவில்லை. வருட திதிக்கு வர அனுமதி கேட்டான். அப்பாவுக்கு ஒருதடவை தன் கையால் எள்ளும் தண்ணீரும் விட வேண்டும் என்றான். பாக்கியம் அக்காவுக்கு இரண்டும் பெண்கள். அதனால் கொள்ளி வைத்தது தங்கவேலு. மாதாமாதம் தர்ப்பைப் புல்லோடு உட்கார்ந்ததும் தங்கவேலு.

"தங்கவேலு என்ன சொல்றார்?"

"அவனுக்கு எல்லாம் ஆரம்பத்துலேருந்தே தெரியும். வாசப்படி ஏறக்கூடாதுங்கறான். அண்ணன் மானம் போயிடும்னு. போனா அவர் மானம், இருக்கறது நாங்க. ஆனா தண்ணி விடறவன் தங்கவேலுதானே. அவன் உக்கார மாட்டேன்னுட்டா?"

"உங்களுக்கு என்ன வேணும்?"

தன் வெல்வெட் செருப்பைக் கையில் எடுத்துப் பார்த்தார். நான் அதைத் துடைத்து வைத்திருந்தேன்.

"கோவம் இருக்கு சயா. இல்லைங்கல. ஆனா வெய்யில்ல அந்தப் பையன் கடை வாசல்ல நின்னப்ப தண்ணி குடிக்கிறியான்னு கேட்காம இருந்துட்டேன். அது தொண்டையில நிக்குது." பிறகு நிமிர்ந்தார். "கதை எப்படி முடியுது? உள்ளே விடறாங்களா அவனை?"

"இல்ல."

"விட்டதா சொல்லுங்க."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"ஞாயித்துக்கிழமை தங்கவேலு வருவான். நான் சொன்னா கேக்க மாட்டான். கதைல நல்லபடியா முடிஞ்சா மனசு கொஞ்சம் எளகும். நீங்க சொன்னா நம்புவான்."

"இருக்கறதைத்தான் அக்கா சொல்ல முடியும்."

"மாவை முருங்கைக்காய் ஆக்குனீங்க. பிரேசிலைத் தன்லியின் ஆக்குனீங்க. முடிவுக்கு மட்டும் என்ன சத்தியம்?"

நியாயமான கேள்வி. ஆனால் என்னிடம் பதில் இருந்தது.

"மூட்டை மேல போட்டிருக்கிற குறியை மாத்தி எழுதலாம். எத்தனை மூட்டைங்கறதை மாத்தக் கூடாது."

"நல்ல சயா நீங்க" என்று எழுந்தார். பாராட்டு இல்லை. மாடிப்படியில் அவர் இறங்குகிற சத்தம் மூன்றாவது மாடி வரைக்கும் கோபமாகக் கேட்டது.

காலி இடத்தில் தொப்பி

ஞாயிற்றுக்கிழமை அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். செருப்பை மடியிலேயே வைத்துக்கொண்டார். தங்கவேலு வழக்கம்போல என் பக்கத்தில். தோள் துண்டை எடுத்துத் தன் அருகே பாயில் போட்டுக்கொள்வது அவர் பழக்கம். ஒரு ஆள் உட்காருகிற இடத்தை அந்தத் துண்டு பிடித்துக்கொள்ளும்.

"இன்னிக்கு ஒண்ணையும் மாத்தல" என்று ஆரம்பித்தேன். "ராமசாமி கிடையாது. தன்லியின் கிடையாது. பிரேசில் நாடு. அங்கே உள்ளபடி சொல்றேன்."

சொன்னேன்.

அந்த ஊரில் ஒருவர் இறந்தால் ஏழாம் நாள் மாதா கோயிலில் பூசை வைப்பார்கள். படகோட்டியின் குடும்பம் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. மனைவி, பிள்ளைகள், படகோட்டியின் தம்பி. கதை சொல்கிறவள் அப்போது சின்னப் பெண். பூசை தொடங்கும்போது அக்கரையிலிருந்து ஒரு பையன் வருகிறான். படகிலிருந்து இறங்கியதில் கால்சட்டை முழங்கால் வரை ஈரம். பெஞ்சின் ஓரத்தில் ஒரு ஆள் உட்கார இடம் இருக்கிறது. அவன் அந்த இடத்தைப் பார்க்கிறான். அவள் அவனைப் பார்க்கிறாள். அப்போது சித்தப்பா தன் தொப்பியை எடுத்து அந்தக் காலி இடத்தில் வைக்கிறார்.

பையன் பின்சுவரோரம் நின்று பூசை முழுவதும் கேட்கிறான். அவன் நின்ற இடத்தில் கால்சட்டையிலிருந்து வடிந்த தண்ணீர். பூசை முடிந்து அவள் திரும்பிப் பார்க்கும்போது ஆள் இல்லை, தண்ணீர் மட்டும் இருக்கிறது. அவளுக்கு ஐம்பது வயதானபோது படகேறி அக்கரைக்குப் போகிறாள். வீடு இல்லை. யாருக்கும் அவனைத் தெரியவில்லை. நானூற்றுப் பதினெட்டாம் பக்கம் அதோடு முடிகிறது.

கரண்ட் இருந்தும் யாரும் மின்விசிறியைப் போட எழவில்லை.

"அவ்வளவுதானா?" என்றார் தங்கவேலு.

"அவ்வளவுதான்."

"தேடிக் கண்டுபிடிக்கலையா?"

"இல்ல."

"என்ன கதை இது. முன்னூறு நானூறு பக்கம் எழுதறவ, கடைசியில அந்தப் பையனைக் கண்ணுல காட்ட வேணாம்?"

"எழுதுனவங்களைத்தான் கேக்கணும்."

"அந்தச் சித்தப்பன் என்ன மனுசன்? தொப்பிக்கு ஒரு எடமா? மடியில வச்சுக்கிட்டா ஆகாதா? செத்த வீட்டுக்கு வந்தவனை..."

நிறுத்திவிட்டார். பத்துப் பேரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஏன் எல்லாரும் என்னையே பாக்கறீங்க?" என்றார்.

"யாரும் பாக்கல தம்பி" என்றார் பாக்கியம் அக்கா, பார்த்துக்கொண்டே.

தங்கவேலு எழுந்து போனார். துண்டை மறந்துவிட்டுப் போனார். பாக்கியம் அக்கா அதை மடித்து எடுத்துக்கொண்டார். அன்று மாலையே மகளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். மகள் சாப்பிடாமல் படுத்தாளாம். விடிந்ததும் பர்மியத்தில் ஒன்றே ஒன்று கேட்டாளாம், "அண்ணனுக்குக் காரம் ஆகுமா?"

பாயின் விளிம்பு

திதிக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மழை விட்டிருந்த காலை. கோ மின் வாசலுக்கு வெளியே நின்றான். இஸ்திரி போட்ட கைலி, வெள்ளைச் சட்டை, கையில் ஒரு கட்டு முருங்கைக்காய். முதல் பஸ்ஸில் வந்திருக்க வேண்டும். பாக்கியம் அக்கா ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துக்கொண்டு நேராக வாசலுக்குப் போனார். அவன் குடித்து முடிக்கும் வரை நின்று, டம்ளரையும் காயையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் தங்கவேலு.

"திதிச் சமையல்ல முருங்கைக்காய் சேக்கறதில்லையே" என்றார் பூசாரி.

"செத்தவருக்குப் பிடிச்சது" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

தங்கவேலு மணையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் பித்தளைத் தாம்பாளம், எள், செம்பில் தண்ணீர். பூசாரி தர்ப்பையை எடுத்து வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"யார் பண்றது?"

ஒரு வருடமாக இந்தக் கேள்விக்குத் தங்கவேலு கையை நீட்டுவார். அன்று நீட்டவில்லை. தாம்பாளத்தையே பார்த்தார். அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. புத்தகத்தில் இருந்ததைத்தான் சொன்னேன், எனக்கு இதில் பொறுப்பில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் பூசாரி கையில் இருந்த தர்ப்பைப் புற்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

தங்கவேலு தரையில் கை ஊன்றி எழுந்தார்.

"மகன் இருக்கான்ல" என்றார். வாசல் பக்கம் திரும்பாமலே, "டேய், கால் கழுவிட்டு வா."

கோ மின்னுக்கு ஒன்றும் தெரியவில்லை. எந்த விரல் வழியாகத் தண்ணீர் விட வேண்டும் என்று தெரியவில்லை. தங்கவேலு பின்னால் குனிந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துச் சாய்த்தார். "இப்படி. மெள்ள. ஊத்தாத, விடு." பூசாரி தகப்பன் பெயரைக் கேட்டபோது மட்டும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. "சின்னையா" என்றான். அந்த ஒரு சொல்லில் அவன் தமிழில் குறையே இல்லை.

பிறகு பந்தி. கூடத்திலிருந்து கொண்டுவந்த நீளப் பாய். ஏழு பேர் உட்காரலாம், ஏழு பேர் உட்கார்ந்திருந்தோம், ஏழு இலை. முதலில் தங்கவேலு, அவர் பக்கத்தில் பாயில், பாக்கியம் அக்கா திருப்பிக் கொடுத்த துண்டு மடித்தபடியே, அதற்கப்பால் மற்றவர்கள், கடைசியில் நான். கோ மின் கை கழுவிவிட்டு வந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல் சுவரோரம் நின்றான்.

தங்கவேலு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அந்த இடம் ஒரு துண்டுக்குத்தான் போதும். கோ மின் நல்ல உடம்பு.

"தள்ளுங்கப்பா" என்றார்.

அடுத்தவர் இலையை இழுத்துக்கொண்டு நகர்ந்தார். அவருக்கு அடுத்தவரும் நகர்ந்தார். ஆளாளுக்கு இலை, டம்ளர், மடித்த கால் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நகர, அது வரிசையாக வந்து என்னிடம் நின்றது. எனக்கப்பால் பாய் இல்லை. நானும் நகர்ந்தேன். மழை ஈரம் ஏறிய சிமெண்டுத் தரை. என் முழங்காலுக்குக் குளிர்ச்சி ஆகாது. அது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

கோ மின்னுக்கு எட்டாவது இலை விழுந்தது. பாக்கியம் அக்கா சாம்பார் வாளியோடு வரிசையாக வந்தார். கோ மின்னுக்கு ஊற்றும்போது முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் கரண்டியை இரண்டு முறை வாளிக்குள் விட்டுத் துழாவிக் காயாகப் பார்த்துப் போட்டார். என்னிடம் வந்ததும் நின்றார்.

"என்ன சயா, வெறுந்தரையில உக்காந்திருக்கீங்க?"

"உங்க கொழுந்தனைக் கேளுங்க."

எட்டு இலைகளையும் திரும்பிப் பார்த்தார். வாளியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சின்னையா போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

இதையெல்லாம் பத்திரிகையில் எழுதலாமா என்று பின்னால் அவரிடம் கேட்டேன். எழுதுங்க, ஆனா எதையும் மாத்தாதீங்க, மாத்தினா இன்னொரு வீட்டு வம்பு உள்ள வரும் என்றார். மாற்றவில்லை. என் இலையில் விழுந்தது ஐந்து துண்டு. முற்றல் ஒன்றுகூட இல்லை.